ஒப்புதலை எதிர்நோக்கி

நிகழ்ந்தவற்றைச் சொல்வதற்கு முன் நான் எந்த நிலையில் இருந்தவன் என்பதைச் சொல்லிவிடுவது முறை. கல்லூரியில் பொருளியல் படித்தவன். மாநில அரசின் ஒரு துறையில் துணை இயக்குநராக இருந்து ஓய்வு பெற்றவன். பெங்களூர் மல்லேஸ்வரத்தில் நாற்பத்தொரு ஆண்டுகளாக ஒரே வீட்டில் குடியிருப்பவன். அரசிதழில் பெயர் வந்த அதிகாரி என்பதால் எங்கள் கிராஸில், அதாவது குறுக்குத் தெருவில், உள்ள குடும்பங்களின் சான்றிதழ் நகல்கள் அனைத்தும் என் மேசையைத் தொட்டே வெளியே போயின. பச்சை மையில் ‘உண்மை நகல்’ என்று எழுதி, கீழே கையெழுத்திட்டு, முத்திரை குத்திக் கொடுப்பேன். மூலத்தைக் கண்ணால் பார்க்காமல் ஒரு நகலில்கூடக் கையெழுத்திட்டதில்லை. சொந்த மைத்துனருக்கும் இட்டதில்லை. இதனால் சிலருக்கு என்மேல் வருத்தம் உண்டு. மரியாதை எல்லோருக்கும் உண்டு.

எங்கள் கிராஸ் முனையில் இருக்கும் முருகன் கோயிலின் கமிட்டிக்குப் பத்தொன்பது ஆண்டுகள் நான் தலைவர். கிருத்திகைதோறும் அபிஷேகம் முடிந்ததும் அர்ச்சகர் வெளியே வந்து தலைவரின் தலையில் பரிவட்டம் கட்டுவார். ஒன்றரை முழம் பட்டுத் துணி, அவ்வளவுதான். ஆனால் அது முதலில் யாருடைய தலையில் ஏறுகிறது என்பதை மொத்தக் கூட்டமும் பார்க்கும். நானும் பார்க்காதவன்போல நின்று பார்த்திருக்கிறேன்.

இனி என் சகலையைப் பற்றி. என் மனைவியின் தங்கையை மணந்தவர். என்னைவிட எட்டு வயது இளையவர். மருந்துக் கம்பெனியொன்றின் விற்பனைப் பிரதிநிதியாக இருந்தார். ஸ்கூட்டரின் முன்பக்கம் தோல்பையை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு டாக்டர் வீட்டு வாசலிலும் காத்திருப்பதே அவர் வேலை. காத்திருப்பது அவருக்குக் கைவந்த கலை. அவருடைய மகன் அமெரிக்காவில் குடியுரிமை பெற்றுத் தந்தைக்கும் தாய்க்கும் நிரந்தரக் குடியிருப்புக்கு மனுச் செய்தபோது, அவர் பெங்களூரிலேயே இருந்துகொண்டு, மாதம் ஒருமுறை என்னிடம் ஏதாவது ஒரு நகலைக் கொண்டுவந்து நீட்டியபடி, இரண்டு ஆண்டுகள் காத்திருந்தார்.

“அண்ணா, உங்க கையெழுத்து ராசியான கையெழுத்து,” என்பார்.

“ராசி எதுவும் இல்லை. மூலத்தைக் காட்டுங்கள்,” என்பேன்.

அவருக்குக் குடியிருப்பு அட்டை, அதாவது கிரீன் கார்டு, கிடைத்தது. அதன் பிறகு ஆறு மாதம் அங்கே, ஆறு மாதம் இங்கே என்று அவர் பறந்துகொண்டிருந்தார். சேங்கி ஏரிக்கரையில் காலை நடைக்கு வரும்போது அங்கே வாங்கிய அவர் காலணி பளிச்சென்று வெள்ளையாக இருக்கும். நான் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசியதில்லை.

என் மகளும் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவள்தான். நியூ ஜெர்சியில் இருக்கிறாள். அவளுடைய இரண்டாவது பிரசவத்துக்காக நானும் மனைவியும் சென்றோம். ஐந்து மாதத்தில் திரும்புவது என்று பயணச்சீட்டு எடுத்திருந்தோம். குழந்தை பிறந்த பின், “அம்மாவுக்கு முழங்கால் சரியில்லை, உங்களுக்கு எழுபத்தொண்ணு ஆகுது, அங்கே தனியா என்னப்பா பண்ணப் போறீங்க?” என்று மகள் கேட்டாள். மனைவி குழந்தையை மடியில் வைத்தபடி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் முடிவு ஏற்கெனவே எடுக்கப்பட்டிருந்தது. அங்கிருந்தபடியே நிரந்தரக் குடியிருப்புக்கு விண்ணப்பித்தோம். எனக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று. அவற்றோடு, விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது வெளிநாடு போய்வர அனுமதி கேட்கும் மனுவும் ஆளுக்கு ஒன்று. அனைத்துக்கும் பதிவு எண்ணுடன் ஏற்புச் சீட்டு வந்தது. கைரேகை எடுத்தார்கள். பிறகு எதுவும் வரவில்லை.

உண்மையைச் சொன்னால், எனக்கு ஒரு மகிழ்ச்சி இருந்தது. இரண்டு ஆண்டுகள் வாசலில் நின்ற சகலைக்குக் கிடைத்தது எனக்கு உள்ளேயே உட்கார்ந்தபடி கிடைக்கப் போகிறது என்பதுதான் அது. அதை அவருக்குத் தொலைபேசியில் தெரிவிக்கவும் செய்தேன்.

“ரொம்ப சந்தோஷம் அண்ணா. பர்மிட் வர்ற வரைக்கும் மட்டும் எங்கேயும் நகர்ந்துடாதீங்க,” என்றார்.

அவர் எனக்கு விதிமுறை சொல்கிறார் என்பதைக் குறித்துக்கொண்டேன்.

நான் இல்லாத காலத்தில் கோயில் வேலைகள் நிற்கக் கூடாது என்று, ஊரில் இருந்த சகலையைக் கமிட்டி செயல் தலைவராக நியமித்தது. யோசனை என்னுடையதே. கும்பாபிஷேகத் திருப்பணி நடந்துகொண்டிருந்தது; யாராவது கையெழுத்திட வேண்டும். செயல் தலைவர் என்றால் கையெழுத்திடுபவர் என்ற அளவில்தான் நான் அதை எண்ணியிருந்தேன்.

அடுத்த கிருத்திகையன்று, மகள் வீட்டுச் சமையலறை மேடையருகே காலைக் காப்பியுடன் நின்றிருந்தபோது வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. சகலையின் தலையில் பரிவட்டம். கழுத்தில் சம்பங்கி மாலை. கீழே, “அண்ணா, உங்க ஆசீர்வாதத்துல எல்லாம் சிறப்பா நடந்தது” என்று எழுதிக் கூப்பிய கைகள் இரண்டைச் சேர்த்திருந்தார்.

இரு விரலால் படத்தை விரித்தேன். பரிவட்டம் இடப்பக்கம் சரிந்திருந்தது. அவர் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தத் துணி தலையில் இருக்கும்போது சிரிக்கக் கூடாது என்பது எழுதப்படாத ஒழுங்கு. பத்தொன்பது ஆண்டுகளில் நான் சிரித்ததில்லை. அவருக்குப் பின்னால் நின்ற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். யாருடைய முகத்திலும் ஒரு குறை தெரியவில்லை. என்னை உறுத்தியது அதுதான். காப்பி ஆறிவிட்டது.

பொறாமை என்ற சொல்லை என்னைப் பற்றி யாரும் சொன்னதில்லை. அன்று நானும் சொல்லிக்கொள்ளவில்லை. முறைகேடு என்றுதான் மனத்துக்குள் பெயரிட்டேன். ஆனால் முறைகேட்டைப் பார்த்தால் எனக்கு எழுதத் தோன்றும், வயிறு எரியாது. அன்று வயிறு எரிந்தது.

அந்த வீட்டில் எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும். மருமகன் ஜன்னலோரமாக எனக்கென்று ஒரு சாய்வு நாற்காலி வாங்கிப் போட்டிருந்தார். மூத்த பேத்தி பள்ளியிலிருந்து வந்ததும் என் கண்ணாடியைத் துடைத்துக் கொடுப்பாள். ஆனால் அந்தத் தெருவில் நான் யாருமில்லை. குப்பைத் தொட்டியை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போகும் கிழவர்களில் ஒருவன். என் கையெழுத்து அங்கே எதையும் உண்மையாக்கவில்லை. அந்த நேரத்தில், நான் விட்டுவந்த ஒரே இடத்தில் இன்னொருவர் சிரித்துக்கொண்டு நின்றார். அவரிடம் அட்டையும் இருந்தது, பரிவட்டமும் இருந்தது. என்னிடம் ஏற்புச் சீட்டு இருந்தது.

இரண்டு மாதம் கழித்துக் கும்பாபிஷேகப் பத்திரிகையின் முன்வடிவத்தை அனுப்பினார்கள். தலைவர் என்று என் பெயர். அதற்கு நேர் கீழே, அதே அளவு எழுத்தில், செயல் தலைவர் என்று சகலையின் பெயர். நிகழ்ச்சி நிரலின் இறுதியில், ‘முதல் மரியாதை: செயல் தலைவருக்கு’ என்று ஒரு வரி. கும்பாபிஷேகம் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வருவது. அடுத்தது வரும்போது எனக்கு எண்பத்து மூன்று வயது.

கமிட்டிச் செயலாளரை அழைத்தேன். மார்கோசா ரோட்டில் பெயின்ட் கடை வைத்திருப்பவர், நல்ல மனிதர்.

“இந்த வரி எப்படி வந்தது?” என்றேன்.

“எந்த வரி சார்?”

“முதல் மரியாதை.”

“ஓ, அதுவா. பேஜார் பண்ணிக்காதீங்க சார். நீங்க ஊர்லயே இல்ல. யாராவது ஒருத்தர் தலையில கட்டணும் இல்லையா?”

“நான் வந்தால்?”

“நீங்க வந்தா உங்களுக்குத்தான் சார், அதுல என்ன பேச்சு? ஆனா நீங்க வர முடியாதுன்னு உங்க சகலை சொன்னாரே. ஏதோ பேப்பர் பெண்டிங், அசையக் கூடாதுன்னு.”

என் காகிதங்களின் நிலையைக் கோயில் வாசலில் அவர் எடுத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று புரிந்தது. அன்று மாலையே, போகிறேன் என்று வீட்டில் அறிவித்தேன்.

மகள் என் எதிரில் உட்கார்ந்து, குழந்தைக்குச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னாள். “அப்பா, அந்த அனுமதி கையில வராம நீங்க இந்த நாட்டை விட்டுப் போனா, அப்ளிகேஷனை நீங்களே விட்டுட்டதா எடுத்துப்பாங்க. அனுமதி கேட்டு எழுதியிருக்கோம்ங்கறது அனுமதி இல்லை. வக்கீலம்மா ரெண்டு தடவை சொன்னாங்க. நீங்களும் பக்கத்துலதான் இருந்தீங்க.”

இருந்தேன். கேட்கவும் செய்தேன். ஆனால் எங்கள் துறையில் ஒரு நடைமுறை உண்டு. அவசரமாக ஒரு பயணம் போக வேண்டியிருந்து மேலிடத்து ஆணை வந்து சேராவிட்டால், ‘ஒப்புதலை எதிர்நோக்கி’ என்று கோப்பில் எழுதிவிட்டுப் புறப்படலாம். கோரிக்கைக்குப் பதிவு எண் விழுந்திருக்க வேண்டும். காரணம் தக்கதாக இருக்க வேண்டும். ஆணை பிறகு வரும். புறப்பட்ட தேதியிலிருந்தே அமலாகும். இதற்குப் பின்னேற்பு என்று பெயர். என் பணிக்காலத்தில் பல பயணங்களை இப்படித்தான் மேற்கொண்டேன். ஒன்றுகூடத் திருப்பப்பட்டதில்லை. பதிவு எண் விழுந்த மனு பாதி வழி வந்த மனு என்பது என் உடம்பில் ஊறிய நம்பிக்கை.

“மாமா, இங்கே அப்படி ஒண்ணும் கிடையாது,” என்றார் மருமகன்.

“காரணத்தை எழுதிக் கேட்டால் கேட்காத அரசாங்கம் உலகத்தில் எங்கும் இல்லை. நீங்கள் எழுதுவதே இல்லை, கட்டங்களில் டிக் அடிக்கிறீர்கள்,” என்றேன்.

அன்றே இரண்டு பக்கக் கடிதம் எழுதினேன். பன்னிரண்டாண்டு இடைவெளி, நான் வகிக்கும் பொறுப்பு, பயணத்தின் குறுகிய காலம், எல்லாவற்றையும் வரிசையாக விளக்கி, ‘ஒப்புதலை எதிர்நோக்கிப் பயணம் மேற்கொள்கிறேன்’ என்று முடித்து, பச்சை மையில் கையெழுத்திட்டு, மகளின் மேசையில் வைத்தேன்.

மனைவி குழந்தைத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். “எதுக்கு இவ்வளவு தூரம்? அந்தத் துணியை நானே இங்க கட்டிவிடறேன், உக்காருங்க,” என்றாள்.

“கேலி வேண்டாம்.”

“கேலி இல்ல. என் தங்கச்சி புருஷன் தலையில ஒரு நாள் கட்டினா உங்களுக்கு என்ன ஆயிடும்?”

அவள் மடித்த துணியையே மறுபடி உதறி மடித்தாள்.

“திரும்பி வர விடலைன்னா?”

“விடுவார்கள்.”

“விடலைன்னா நான் இங்க, நீங்க அங்க. நாப்பத்தஞ்சு வருஷத்துக்கு அப்புறம். நல்லா யோசிச்சுக்கோங்க. நான் கூட வரப் போறதில்லை.”

“நீ வர வேண்டியதில்லை. உன் விண்ணப்பம் தனி.”

“ஆமா, தனிதான்,” என்றாள்.

விமான நிலையத்தில் என்னை யாரும் தடுக்கவில்லை. கடவுச்சீட்டை விமான நிறுவனத்துப் பெண் ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டு, இனிய பயணம் என்று வாழ்த்தினாள். ஒரு நாட்டை விட்டு வெளியேறும்போது அந்த நாட்டு அதிகாரி எவரும் எதையும் கேட்காததை நான் நல்ல அறிகுறியாக எடுத்துக்கொண்டேன். திரும்பும் பயணச்சீட்டு என் சட்டைப்பையில் இருந்தது. இருபத்திரண்டு நாள் கழித்து.

பெங்களூரில் இறங்கியது ஒரு மத்தியானம். வீட்டில் பெட்டிகளை வைத்துவிட்டு, குளித்து, வேட்டி கட்டிக்கொண்டு நேராகக் கோயிலுக்குப் போனேன். சாரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கருவறை விமானத்தில் புது வர்ணம். செயலாளர் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

“வந்துட்டீங்களா சார்! எங்களுக்கு இப்பதான் உயிர் வந்தது.”

“செயல் தலைவர் எங்கே?”

“அவரு முந்தாநாளே கிளம்பிட்டாரே சார். உங்களுக்குத் தெரியாதா?”

“எங்கே கிளம்பினார்?”

“அமெரிக்காவுக்குத்தான். கார்டு வெச்சிருக்கறவங்க ரொம்ப நாள் வெளியில இருந்தா பிரச்சினையாமே. கும்பாபிஷேகத்துக்காகத்தான் பாவம், தள்ளித் தள்ளிப் போட்டுக்கிட்டிருந்தாரு. மகன் தினம் போன்ல திட்டிக்கிட்டிருந்தான். நீங்க வர்றீங்கன்னு நான் சொன்னதும், ‘அண்ணன் வர்றாரா? அப்ப நான் தப்பிச்சேன்’னு மறுநாளே டிக்கெட் போட்டுட்டாரு.”

நான் கொடிமரத்தருகே நின்றேன். நான் பறித்துக்கொள்ள வந்ததை அவர் கழற்றி வைத்துவிட்டுப் போயிருந்தார். அதற்காக எனக்கு நன்றி தோன்றவில்லை. சண்டைக்கு ஆயத்தமாகப் பதினெட்டு மணி நேரம் பறந்து வந்தவனுக்கு எதிரி இல்லை என்பதைச் சொல்லக்கூட அவர் எனக்கு ஒரு செய்தி அனுப்பவில்லை. பிறகு பார்த்தால் அனுப்பியிருந்தார். நான் விமானத்தில் இருந்தபோது. “அண்ணா, நீங்க வர்றதா கேள்விப்பட்டேன். பர்மிட் வந்துடுச்சா? ரொம்ப நிம்மதி.”

பதில் எழுதவில்லை.

அதிகாலை முகூர்த்தத்தில் கும்பாபிஷேகம் நன்றாக நடந்தது. வானத்தில் கருடன் வட்டமிட்டதாகச் சிலர் கைகாட்டினார்கள். என் கண்ணுக்குத் தெரியவில்லை, ஆகவே நான் உறுதி சொல்ல மாட்டேன். கலச நீர் தெளித்த பின் அர்ச்சகர் பரிவட்டத்தை என் தலையில் கட்டினார். நேராகக் கட்டினார். நான் சிரிக்கவில்லை. மண்டபத்துச் சுவரில் பதித்திருந்த கல்லில் தலைவர் என்று என் பெயர் மட்டுமே இருந்தது. செயல் தலைவர் பெயர் எங்கே என்று கேட்டேன். வேண்டாமென்று அவரே சொல்லிவிட்டதாகச் செயலாளர் கூறினார்.

அர்ச்சகரின் தம்பி எடுத்த படத்தை மகளுக்கு அனுப்பினேன். சற்று நேரத்தில் அங்கிருந்து ஒரு படம் வந்தது. மகள் வீட்டுக் கூடம். அங்கே அப்போது இரவுச் சாப்பாட்டு நேரம். வார இறுதிக்கு விருந்தினர் வந்திருந்தார்கள். ஜன்னலோரச் சாய்வு நாற்காலியில் சகலை உட்கார்ந்திருந்தார். மடியில் என் பேரன். பக்கத்தில் என் மனைவி, கையில் கரண்டியோடு, எதற்கோ வாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தாள். இரு விரலால் விரித்தேன். மேசையில் வத்தக்குழம்பு இருந்தது. அந்தக் குழம்பை அவள் எனக்காகத்தான் செய்வாள் என்று நாற்பத்தைந்து ஆண்டுகள் நினைத்திருந்தேன்.

தலையில் துணி அப்போதும் இருந்தது. எழுதுவதற்குக் கூசுகிறது, ஆயினும் எழுதுகிறேன். அந்த ஒரு கணத்தில் அதைக் கழற்றி எறிந்துவிட்டு அந்த நாற்காலிக்குப் போய்விட முடிந்தால் போயிருப்பேன்.

புறப்படும் நாளுக்கு நான்கு நாள் முன்பு மகள் அழைத்தாள். நான் வெளியேறியதை வழக்கறிஞர் குடியேற்றத் துறைக்கு முறைப்படி தெரிவித்திருந்தார். என் கடிதத்தையும் இணைத்திருந்தார், மகள் வற்புறுத்தியதால். விண்ணப்பத்தை நானே கைவிட்டதாகத்தான் கொள்வார்கள் என்பதை வழக்கறிஞர் இப்போது உறுதி செய்துவிட்டார் என்றாள்.

“டிக்கெட்டை கேன்சல் பண்ணிடறேம்பா. வந்தாலும் உள்ளே விட மாட்டாங்க. பழைய விசாவுல வந்து நின்னா இன்னும் சிக்கலாயிடும்.”

“என் கடிதத்துக்கு என்ன பதில்?”

“அதுக்கெல்லாம் தனியா பதில் போட மாட்டாங்கப்பா.”

சில வாரங்களில் அதிகாரபூர்வமான அறிவிப்பு அவள் வீட்டுக்கு வந்தது. அதை வாசித்துக் காட்டச் சொன்னேன். ஒவ்வொரு சொல்லாக. என் காரணங்களில் ஒன்றைக்கூட அது தொடவில்லை. ஐந்து மாதம் கழித்து மனைவிக்கு அட்டை கிடைத்தது. அஞ்சல் உறையோடு சேர்த்துப் படமெடுத்து அனுப்பினார்கள். அட்டையில் இருந்த படத்தில் அவள் நன்றாக விழுந்திருந்தாள்.

இப்போது மகள் எனக்காக மறுபடி தொடங்கியிருக்கிறாள். இம்முறை நான் இங்கேயே இருந்து காத்திருக்க வேண்டும். தூதரக நேர்காணல் வரை. அதாவது சகலை போன வழி. அவர் ஊருக்கு வந்திருந்தபோது ஒரு கோப்புடன் வீட்டுக்கு வந்தார்.

“அண்ணா, என்னென்ன கேப்பாங்கன்னு எனக்கு மனப்பாடம். ஃபாரத்தை நானே ஃபில் பண்ணித் தரேன். அண்ணி அங்க தனியா இருக்காங்க, சீக்கிரம் போக வேண்டாமா?”

“தனியாக இல்லை. மகளுடன் இருக்கிறாள்.”

“அதைத்தான் சொல்றேன். சாயங்காலமானா ஜன்னல்கிட்ட உக்காந்துக்கறாங்க. உங்க நாற்காலியில யாரையும் உக்கார விடறதில்ல. அன்னிக்கு நான் தெரியாம உக்காந்துட்டு வாங்கிக் கட்டிக்கிட்டேன்.”

மூலங்களை எடுத்துவந்து அவர்முன் வைத்தேன். ஒவ்வொன்றையும் பார்த்து அவர் நகலை அடுக்கினார். இப்போதெல்லாம் அவரவர் நகலில் அவரவரே கையெழுத்திட்டால் போதுமாம். இட்டேன். அவருடைய பேனா நீல மை.

எங்கள் கிராஸில் இது பற்றி இரண்டு கதைகள் உலவுகின்றன. அமெரிக்கா என் காகிதங்களை நிராகரித்துத் திருப்பி அனுப்பிவிட்டது என்று ஏரிக்கரையில் நடப்பவர்கள் பேசிக்கொள்கிறார்கள். முருகனுக்காக அமெரிக்காவையே துறந்து வந்தவர் என்று கோயிலின் ஆண்டு மலரில் அச்சிட்டிருக்கிறார்கள். மேடையிலும் சொல்லி எனக்குச் சால்வை போர்த்தினார்கள்.

இரண்டும் தவறு. என்னை யாரும் திருப்பி அனுப்பவில்லை. நிலுவையில் இருந்த விண்ணப்பத்தை விட்டு நானே வெளியேறினேன், அதனால் அது கைவிடப்பட்டதாகக் கருதி மூடப்பட்டது. நான் வந்ததும் முருகனுக்காக அல்ல. அந்தத் துணி என் சகலையின் தலையில் ஏறக் கூடாது என்பதற்காக வந்தேன்.